ஒரு சாண் வேல்

2006, மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. காலை ஏழு மணிக்கு விருதுநகரில் சாத்தூர் பஸ் ஏறினேன். டிக்கெட் எட்டு ரூபாய். என் நல்ல பேனாவை வழக்கம்போல் கணவர் எடுத்துப் போய்விட்டதால், பஸ் நிலையத்தில் ஐந்து ரூபாய்க்கு இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

பையில் நான் எழுதிவரும் பேச்சியம்மாளின் வரலாறு இருந்தது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன், கூலி கொடுக்காமல் வேலை வாங்கிய ஜமீனை எதிர்த்துக் கலெக்டருக்கு மனுவும், சந்தையில் பாடப் பாட்டும் எழுதியவர். அதைப் படித்த பேராசிரியர் நண்பர், "அந்தக் காலத்தில் பெண்ணாவது, எழுதுவதாவது! புருஷன் எழுதியிருப்பான்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மறுக்க ஆதாரம் இல்லை. முதல் வரியில் 'எழுதியதாகச் சொல்லப்படும்' என்று மாற்றிவிட்டு, அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

சாத்தூரில் இருக்கன்குடி கோவிலுக்குப் போகும் மஞ்சள் சேலைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பேச்சியம்மாளின் வம்சத்தார் இருக்கும் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் பிடித்தேன். இருபது கிலோமீட்டர் இருக்கும்.

"எந்த ஃபயர் ஆபீசுக்குப் போறீக?" என்றார் கண்டக்டர். இங்கே பட்டாசுக் கம்பெனிக்கு அதுதான் பெயர்.

"பேச்சியம்மா வகையறா முத்துமாரி வீட்டுக்கு."

"வேலச் சாமியாக் கும்பிடுற வீடா? அங்கன நானே எறக்கிவிடுதேன்."

ஒன்பதரை மணிக்கு முத்துமாரி அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். வெடிக்குத் திரி வைக்கும் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. நகக்கண்ணில் மருந்தின் வெள்ளி நிறம் போகவில்லை. "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஆறு இட்லி வைத்தார்.

பிறகு சுவர் மாடத்திலிருந்து சிவப்புத் துணி சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். "எங்க பேச்சி இந்த வேல வச்சுத்தான் ஜமீன் ஆளுகள வெரட்டுனா."

பிரித்தேன். ஒரு சாண் நீள இரும்பு. ஒரு முனை ஊசி, மறுமுனை ஓலை நறுக்கும் சின்னக் கத்தி. வேலாவது! எழுத்தாணி. பேராசிரியர் நினைவுக்கு வர, "அவங்க வீட்டுக்காரரோடதா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டீக! ஆம்பளக் கை இதுல படக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான கண்ண மூடுனா. எங்க வீட்டுல இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆம்பள தொட்டதில்ல."

அது எழுத்தாணி என்று சொன்னேன். அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்ப, வெரட்டுனான்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

"பொய்யில்லக்கா. இத வச்சு எழுதின மனுவப் பாத்துத்தான் கலெக்டர் ஆள் அனுப்பினாரு. ஜமீன் ஆளுங்க ஓடினாங்க."

அக்கா இரும்பை உள்ளங்கையில் வைத்து அளந்து பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எழுதியே வெரட்டிட்டாளா! நானும் யோசிச்சிருக்கேன், இம்புட்டூண்டு வேல வச்சு அம்புட்டுப் பேர எப்படி வெரட்டுனான்னு!"

மாலை நாலு மணி பஸ்ஸில், ஐந்து ரூபாய் பேனாவால் 'எழுதியதாகச் சொல்லப்படும்' என்பதை அடித்தேன். 'எழுதிய பேச்சியம்மாள்' என்று திருத்தினேன். வயிறும் மனசும் நிறைந்திருந்தன.

எங்கள் வீட்டில் என் பேனாவை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். இனி விடுவதாக இல்லை.