மாமா சாப்பிட்ட அவரைக்கொட்டைக் குழம்பு

என் சிறுவயதில் எங்கள் வீட்டு அடுப்பு அத்தையின் ஆளுகையில் இருந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இண்டூரை அடுத்த எங்கள் ஊருக்கு ஒரு ஆடி மாதம் அரூரிலிருந்து வந்தவள், தை பிறந்தும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் குழந்தை இல்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. அம்மா காட்டு வேலைக்குப் போய்விட்டால் எனக்குத் தலை பின்னிவிட ஆள் இருந்தது, அது போதும். ஒரே குறை, களி கிண்டுகிற துடுப்பைத் தொட விடமாட்டாள். "கைய சுட்டுக்குவ, தள்ளு கண்ணு" என்பாள்.

இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் நான் பெரிய சமையல்காரி. யுத்த காலம் அது. சேலத்திலிருந்து வந்திருந்த டீச்சரம்மா, வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல் கூட்டிப் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தார். முதல் பாடம் சோறு வடிப்பது. அரிசிக்கு எங்கே போவது? வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வடித்துப் பழகினோம். அவரைக்கொட்டைக் குழம்பை மட்டும் நிஜமாகவே வைத்தோம். கோழி வளர்ப்பும் அவர் பாடத்தில் உண்டு. கூடைக்குள் காற்று வரவேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்கவேண்டும், அடைக்கோழியை வதைக்கக் கூடாது.

வதைப்பது எங்கள் ஊரில் எல்லாரும் செய்ததுதான். முட்டையிட்டு ஓய்ந்த கோழி வெறும் கூடையில் அடை கிடந்தால், தண்ணீரில் முக்கியெடுத்து, அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்கில் செருகிவிடுவார்கள். அதை எடுக்க முடியாமல் தவித்து அலைவதில் கோழிக்கு அடை தெளியும், சீக்கிரம் மறுபடி முட்டையிடும். எங்கள் புள்ளிக்கோழி அடை விழுந்தபோது அம்மாவும் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் ஓடிப்போய் டீச்சரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப உங்க டீச்சரம்மாவே வந்து முட்டை வெப்பாங்களா?" என்றாள் அம்மா.

அத்தை கோழியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் முட்டை கேட்டு வாங்கிவந்து, கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடி இடித்து முட்டை கெட்டுப்போகாமலிருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டு, கோழியை உட்காரவைத்தாள். தினமும் அதை இறக்கிக் கம்பு போடுவாள், தண்ணீர் காட்டுவாள். "போதும், போய் ஒக்காரு, ஆறிடப் போவுது" என்று அதனிடம் பேச்சு வேறு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குஞ்சு பொரிக்கும் நாளாகப் பார்த்து அரூர் மாமா வந்து சேர்ந்தார். வீட்டு மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்காமல் அனுப்பினால் ஊர் சிரிக்கும். சேவல் மாரியம்மன் பண்டிகைக்கே போய்விட்டது. மிஞ்சியிருந்தது அடைக்கோழிதான். அம்மா கூடைப் பக்கம் போனாள். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"அதும்மேல கைய வெக்காதீங்க அண்ணி. முட்டைக்குள்ளார குஞ்சு கத்துது, கேளுங்க."

"வூட்டுக்கு வந்த மனுசனுக்கு வெறுங்கொழம்பயா ஊத்தறது?"

"ஊத்துங்க. கொழம்ப பாப்பாவே வெக்கட்டும். பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டா இல்ல?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. துடுப்பு என் கைக்கு வந்துவிட்டது! அம்மா பானையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நானே களி கிண்டினேன். களி கட்டிதட்டியது. குழம்பு டீச்சரம்மா சொன்ன பக்குவத்தில் வந்தது. அத்தை அடுப்பண்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கொல்லையில் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். "அவ வாயால ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஊர்ல ஒத்துக்குவாங்க மச்சான்" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். மாமாவின் கண் கலங்கியிருந்தது.

"மொளகா அதிகமாப் போச்சுங்களா மாமா?"

"இல்ல கண்ணு. சரியாத்தான் இருக்குது."

கை கழுவிவிட்டு அவர் கொல்லைக்குப் போனார். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போனேன். அத்தை கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டிக்குங்க. நான் குறுக்க நிக்கல" என்றாள். கூடையோரத்து வைக்கோலை ஒதுக்கிவிட்டு, "வர்றவளுக்கும் பொறக்கலன்னா, அவளயும் அனுப்பிடாதீங்க" என்றாள்.

மாமா செம்பை வாங்காமலே போய்விட்டார். வைகாசியில் அவருக்கு மறுகல்யாணம் நடந்தது. ஊர் கேட்ட வார்த்தையை அத்தை கொடுத்துவிட்டாள். அன்று அவருக்குத் தன் கையால் ஆக்கிப்போட மட்டும் அவளால் முடியவில்லை. இதெல்லாம் எனக்கு விளங்க நானும் ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட வேண்டியிருந்தது.

மாமா வந்துபோன அன்று சாயங்காலம் குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. அத்தைக்கென்று எடுத்துவைத்திருந்த களியையும் குழம்பையும் நான் கூடையண்டையே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். அவளுக்கும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதுகொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் டீச்சரம்மாவிடம், அவர் சொன்ன அளவுக்கு மிளகாய் போட்டால் பெரியவர்களால் தாங்க முடியவில்லை என்று புகார் சொன்னேன்.