பிரேக்குக்கு வார்த்த நல்லெண்ணெய்

மாமாவின் பழைய பிக்கப் இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம், எங்கள் தீவில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்பதுதான். பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டாலும் காலை எடுத்தால் மெல்ல மெல்ல நின்றுவிடும். நிற்கவேண்டிய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நிற்கும், அவ்வளவுதான். அம்மாவின் ஒரே தம்பி என்பதால் வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அப்பா வயிற்றில் ஒப்பரேசன் செய்து யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் எழும்பி நடந்து வரவேண்டுமென்று, நயினாதீவு அம்மாளாச்சியின் விளக்குக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெய் வார்ப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். எள்ளைக் கழுவிக் காயவைத்து, செக்கடியில் தானே நின்று ஆட்டுவித்த எண்ணெய். என்னைத் தொடவும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலணையிலிருந்து புறப்படும் நேரம், மாமா பிக்கப்பின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிரேக் ஒயில் ஒரு சொட்டும் இல்லை. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். கடைகளில் தேடியும் பயனில்லை.

"அக்கா, அந்தப் போத்தலிலை கொஞ்சம் தாவன்."

"உனக்கென்ன விசரோ? அம்மாளாச்சிக்கு நேர்ந்தது!"

"உச்சிப் பூசைக்குப் போய்ச் சேர்ந்தால்தானே விளக்குக்கு ஊத்தலாம்? பிரேக்குக்குப் பாதி ஊத்தினால் காணும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு தன் கையாலேயே பாதியை வார்த்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. சாமியின் எண்ணெயில் ஓடும் வாகனம் வேறு யார் வீட்டில் உண்டு?

புங்குடுதீவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மாமா மிதித்தார், பிடித்தது. "பாத்தியே அக்கா!" என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீ றோட்டைப் பார்" என்றார் அம்மா.

எண்ணெய் பின்சில்லு வழியாகத் தெருவில் வழிந்துகொண்டே வந்தது ஒருவருக்கும் தெரியாது.

குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்கு நின்ற சனம் தெரிந்தது. அதற்கப்பால் கடல். மாமா மிதித்தார். கால் தட்டுவரை இறங்கிவிட்டது. கைபிரேக்கை இழுத்தார், அது கையோடு வந்தது. "விலகுங்கோ! விலகுங்கோ!" என்று கத்தினார். அம்மா ஒரு கையால் என்னையும் மற்றக் கையால் போத்தலையும் இறுக்கிக்கொண்டு "அம்மாளாச்சி!" என்று அலறினார். மாமா கியரைக் குறைத்து, வள்ளத்தில் ஏற்ற அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்குள் வாகனத்தை விட்டார்.

நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

வைக்கோல்காரர் ஓடிவந்தார். "ஐசே, உமக்குக் கண் பிடரியிலையோ?"

"பிரேக் இல்லையண்ணை."

"பிரேக் இல்லாமல் கடற்கரைக்கு என்னத்துக்கு வந்தனீர்? நீந்தவோ?"

சனம் சிரித்தது. தலை நிறைய வைக்கோலோடு மாமாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கோயிலில் மிச்சப் பாதியை விளக்குக்கு வார்த்துவிட்டு, நடை சாத்தும்வரை உதடு அசைய நின்றார். உயிர் தப்பியதற்கு நன்றி சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அம்மாளாச்சி ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்த மாதமே அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். ஆனால் அம்மா அதன்பிறகு ஒரு வருடம், வெள்ளிக்கிழமைகளில் எனக்கு எண்ணெய் வைத்து முழுகவார்த்தாரே தவிர, தான் வைக்கவில்லை. தன் பங்கைச் சேர்த்துச் சேர்த்து நயினாதீவுக்கு அனுப்பினார். ஏனம்மா என்று கேட்டால், "எண்ணெய் வைச்சால் எனக்குத் தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகும், பிள்ளை" என்பார்.

நானும் நம்பி, "அம்மாவுக்குத் தடிமன் வராமல் பார்த்துக்கொள், தாயே" என்று ஒவ்வொரு வெள்ளியும் உருகிக் கும்பிட்டு வந்தேன்.