நகலென்று நம்பிய லிஸ்ட்

ஐம்பது வயதில் பைதான் என்ற கணினி மொழியைப் படித்த திமிரில், கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்களை ஒரே லிஸ்டாகக் கணினியில் ஏற்றினேன். அவற்றை எழுதிவைத்திருந்த, கறையான் தின்ற பழைய கொப்பியை இனி எதற்கென்று எரித்தும் விட்டேன்.

பிறகு, ஊர்வலத்துக்கு வரும் தாய்மாருக்கு பஸ் ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. லிஸ்டுக்கு இன்னொரு பெயர் வைத்தேன். அத்தோடு நகல் எடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அதிலிருந்து, தாய்மார் இறந்துபோன ஒன்பது பிள்ளைகளை நீக்கிச் சேமித்தேன். பார்த்தால், மூல லிஸ்டிலும் அந்த ஒன்பதும் இல்லை. இரண்டு பெயரும் ஒரே லிஸ்டுக்குத்தானாம்! கேட்பதற்கு வீட்டில் ஆளில்லாத பெயர்களாகப் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

கணினியை மூன்று தரம் அணைத்துப் போட்டேன், அது பயந்து திருப்பித் தந்துவிடும் என்பதுபோல.

மகனைத் தேடும் பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?"

சொன்னேன். அவர் ஏசவில்லை.

"எழுதுங்கோ."

போராட்டக் கொட்டிலில் அந்தத் தாய்மார் இருந்த வரிசைப்படி எட்டுப் பெயர்களைச் சொன்னார். ஒன்பதாவதில் நின்றுவிட்டார்.

"தாய் எனக்குப் பக்கத்திலதான் இருந்தவா. நெடுக 'என்ர குஞ்சு' எண்டுதான் சொல்லுவா. பேர் சொல்லமாட்டா."

அந்த இடத்தை லிஸ்டில் வெறுமையாக விட்டிருக்கிறேன். எண்ணச் சொன்னால் பைதான் அவனையும் சேர்த்தே எண்ணுகிறது. அவனை முதல் தரம் காணாமல் ஆக்கியவர்கள் யாரோ. இரண்டாம் தரம் ஆக்கியது நான்.