ஓகினாவாவுக்குப் போய்வந்த கதை

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் துபாயின் தேராவில் பஸ் ஏறினேன். காலையில்தான் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் ஊர் நடுவே ஓடும் கிரீக் என்ற உப்பங்கழியைக் கடந்துபோய், காரணம் எதுவும் இல்லாமல் இன்னொரு திர்ஹம் கொடுத்துத் திரும்பி வந்திருந்தேன். தங்கை வீட்டில் விருந்தாளியாக இருப்பவனுக்கு அதற்கு மேல் வேலை கிடையாது. துபாயைப் பார்க்க வந்துவிட்டு ஓமானில் இருக்கிற சோஹாருக்கு எதற்குப் போகிறாய் என்று தங்கை கேட்டாள். பழைய நண்பனைப் பார்க்க என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த நண்பன் மேல் எனக்குப் பொறாமை.

தூத்துக்குடியில் நானும் செல்வினும் ஒரே மாஸ்டரிடம் கராத்தே கற்றவர்கள். அவன் எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்து சேர்ந்தவன். எனக்கு அடவுகள் சுத்தமாக வரும், அவனுக்குப் பேச்சு வரும். இன்று நான் ஊரில் வாடகை மண்டபத்தில் ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் சோஹார் துறைமுகத்தில் டெக்னீஷியன். வெள்ளிக்கிழமைகளில் அறுபது பேர் அவன் முன்னால் குனிந்து வணங்குகிறார்கள். அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பியும் வைப்பான், வாரம் தவறாமல்.

ஆனால் அந்த வீடியோக்களில் அவன் சொல்லும் வரலாறு அத்தனையும் கப்சா. ஜப்பானியத் தற்காப்புக் கலைகள் எங்கிருந்து வந்தன என்று பதினைந்து வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கட்டுக்கதையையும் வரலாற்றையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியும். என்னிடம் இருக்கிற, அவனிடம் இல்லாத ஒரே சொத்து அதுதான். ‘வந்து பையங்ககிட்ட கொஞ்சம் பேசுங்க’ என்று அவனே கூப்பிட்டிருந்தான். அறுபது பேருக்கு நடுவில் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

சுமார் இருநூறு கிலோமீட்டர். நகரம் முடிந்ததும் செம்மணல், எல்லைப்பக்க ஊரான ஹத்தா நெருங்கும்போது புல்பூண்டு இல்லாத மலைகள். பக்கத்து இருக்கையில் கலியமூர்த்தி, அரியலூர்க்காரர், முப்பது வயது இருக்கும். இன்ஜினியரிங் படித்துவிட்டு சோஹாரில் சாரம் கட்டுகிறார். துபாயில் அண்ணனைப் பார்த்துவிட்டு, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் செல்வின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“செல்வின் மாஸ்டரா? அவருகிட்டதான் சார் கத்துக்கறேன். கராத்தேவைக் கண்டுபிடிச்சது யாருன்னு தெரியுமா சார்? விவசாயிங்க. ஆயுதத்தை எல்லாம் புடுங்கிட்டாங்களாம். வெறுங்கையாலயே சாமுராயை அடிச்சிருக்காங்க. எங்க வீட்டுலயும் விவசாயந்தான் சார்.”

“அப்படியா?” என்றேன்.

“பெல்ட்டைத் துவைக்கவே கூடாதாம். வெள்ளை பெல்ட்டு அழுக்கேறி அழுக்கேறித்தான் கறுப்பாச்சாம். ரூம்ல ஒரே சண்டை, அதைத் தூக்கி வெளிய வைடான்றாங்க.”

நாளைக்கு இருக்கிறது உங்கள் மாஸ்டருக்கு என்று நினைத்துக்கொண்டேன். எல்லையில் வெளியேறும் கட்டணம் முப்பத்தைந்து திர்ஹம். அந்தப் பக்கம் ஓமான் அதிகாரி என் விசாத் தாளை ஒருமுறை பார்த்து முத்திரை குத்தினார். மலை இறங்கிக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் துறைமுகத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன.

செல்வின் நிறுத்தத்தில் காத்திருந்தான். தொப்பை கிடையாது, தலைமுடி ஒன்றுகூட உதிரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓமான் காசு நூறு பைசாவுக்கு ஒரு கரக் டீ வாங்கிக் கொடுத்துக் கடற்கரைக்கு அழைத்துப்போனான். கதைகளில் வருகிற ஒரு பெரிய கடலோடி பிறந்த ஊர் இதுதான் என்று பெருமையாகச் சொன்னான், ஏதோ இவன்தான் பிரசவம் பார்த்தவன் போல.

“கதையில வாறவனுக்கு ஏதுல பொறந்த ஊரு?” என்றேன்.

“அண்ணே, கதையில வாறவனுக்குத்தான் எல்லா ஊர்லயும் வீடு இருக்கும்” என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. கேம்ப் கேன்டீனில் மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். சாம்பார் வாசனைக்கு நடுவே வெள்ளை உடுப்பில் அறுபது பேர். கலியமூர்த்தி மூன்றாவது வரிசையில் இருந்தார். பெல்ட் வாசனை முதல் வரிசை வரைக்கும் வந்தது. பயிற்சி முடிந்ததும் செல்வின் என்னை முன்னால் நிறுத்தினான்.

ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஓகினாவா ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்தது. கராத்தேயை வளர்த்தவர்கள் பெரும்பாலும் அந்த அரண்மனை உத்தியோகஸ்தர்கள். சீனாவோடு இருந்த போக்குவரத்தில் அங்கிருந்து வந்த வித்தையும் ஊர் வித்தையும் கலந்தன. விவசாயி வெறுங்கையால் சாமுராயை வீழ்த்தினான் என்பதற்குச் சான்று இல்லை. பறந்து உதைப்பது குதிரைமேல் இருப்பவனைத் தள்ளத்தான் என்பதும் கதை. கறுப்பு பெல்ட் ஜூடோவிலிருந்து வந்த ஏற்பாடு, அதற்கு நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை. எனவே தாராளமாகத் துவைக்கலாம்.

யாரும் சிரிக்கவில்லை. கலியமூர்த்தி கை தூக்கினார்.

“அப்ப விவசாயி இல்லீங்களா சார்? பெரிய எடத்து ஆளுங்கதானா?”

“ஆமாம்” என்றேன். அவர் கையை இறக்கிக்கொண்டார். வரிசைகள் தளர்ந்தன. நான் ஆசையாகச் செல்வின் பக்கம் திரும்பினேன். அவன் முகம் எங்கும் போகவில்லை. கதை கேட்கிற பிள்ளைபோல வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, அந்த அரண்மனைக்காரங்க பொறவு என்ன ஆனாங்க?”

“அரசை ஜப்பான் கலைத்துவிட்டது. பலருக்கு வேலை போய்விட்டது. சிலபேர் கிராமத்துப் பக்கம் போய் விவசாயம் பார்த்தார்கள்” என்றேன். நான் எழுதிய கட்டுரையில் அது கடைசிப் பக்கத்தில் ஒரு வரி.

செல்வின் ஓரடி முன்னால் வந்தான்.

“கேட்டியளா தம்பிமாரா? நான் இத்தன நாளும் தப்பாச் சொல்லிருக்கேன். அவன் படிச்சவன், அரண்மனையில உக்காந்து வேல பாத்தவன். ஒருநாள் அரண்மனையே இல்லன்னு ஆயிட்டு. சம்பளம் போச்சு, மரியாத போச்சு. அங்க இருக்கக் கூச்சப்பட்டு வேற எடத்துல போயி மம்பட்டி புடிச்சான். கையில மிச்சம் என்ன இருந்துச்சு?” முஷ்டியைத் தூக்கிக் காட்டினான். “இது ஒண்ணுதான். பாத்தவனுக்கு அவன் கூலி. அவன் யாருன்னு அவனுக்குத் தெரியும்லா? உங்கள்ல எத்தன பேரு படிச்சிட்டு வந்து இங்கன கம்பி தூக்குதீய?”

கலியமூர்த்தி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரு வரி இத்தனை வருடம் என்னிடம் இருந்தது. அது யாருக்குத் தேவைப்படும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அவன் கேட்டான், எடுத்தான், கொடுத்துவிட்டான். என் சொத்தும் இப்போது அவனுடையது.

கைதட்டல் அடங்குவதற்குள் செல்வின் என் தோளைத் தொட்டான். “இதச் சும்மா புத்தகத்தப் பாத்துச் சொல்லல. நம்ம அண்ணன் ஓகினாவாவுக்கே போயி, அந்தக் குடும்பங்களப் பாத்துக் கேட்டுட்டு வந்தாக!”

மறுபடி கைதட்டல், இந்த முறை எனக்கு. கலியமூர்த்தி முதல் ஆளாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அறுபது பேர் செல்வினைத் தாண்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பார்வையை நான் என் மண்டபத்தில் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு அவன் ரூமுக்குப் போனோம். அயலை மீன் குழம்பு வைத்திருந்தான், அதுவும் நன்றாக இருந்தது.

“ஏல, நான் எப்பல ஓகினாவா போனேன்?”

செல்வின் கையில் சோற்றோடு நிமிர்ந்தான். “போகலியா? நேர்ல பாத்த மாதிரில்லா சொன்னீய! போயிருப்பீயன்னுதான் நெனச்சேன்.” அவன் முகத்தில் பொய் இல்லை. “தப்பாப் போச்சேண்ணே. அடுத்த வெள்ளிக்கிழம எல்லார்ட்டயும் இல்லன்னு சொல்லிருதேன்.”

நான் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். “விடுல, இதுக்குப் போயி. இப்ப அதுவா முக்கியம்?”

“நீங்க சொன்னா சரி” என்று இன்னொரு துண்டு மீனைப் போட்டான்.

மூன்று மணிக்குத் துபாய் போகிற ஒரு காரில் என்னை ஏற்றிவிட்டான். ஓட்டியவர் பரமக்குடிக்காரர். காலை வகுப்புக்கு வந்தவரில்லை. கடற்கரைச் சாலையை விட்டு மலைப்பக்கம் திரும்பும்வரை பேசாமல் வந்தவர், மெல்லக் கண்ணாடியில் பார்த்தார்.

“சார், ஓகினாவாவுல ரெண்டு வருசம் தங்கி இருந்தவுக நீங்கதானாமுல்ல?”

காலையில் நான் போய்விட்டு வந்தேன் என்று மட்டும்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு வருடம் தங்கியும் விட்டேன். கட்டுக்கதை பிறக்க நூறு வருடமாவது ஆகும் என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். மறுப்பதற்கு இதைவிட வசதியான இடமும் இல்லை. கேட்பவர் ஒரே ஆள், செல்வின் பக்கத்தில் இல்லை, ஊருக்குப் போனபின் இவர்களை நான் பார்க்கப் போவதும் இல்லை.

“பனி கொட்டுமோ சார் அங்க?”

“பனியெல்லாம் கிடையாது. நம்ம தூத்துக்குடி மாதிரிதான். கடல் காத்து, புழுக்கம்.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் படித்ததுதான். எல்லைச் சாவடி தூரத்தில் தெரிந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

“அப்ப மீனு நல்லாக் கெடைக்கும்னு சொல்லுங்க.”

“கிடைக்காமலா?” என்றேன். “நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னாலயேதான் மீன் சந்தை.”