பம்பைச் சரிசெய்தது அக்காதான்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் சொந்தங்களே, இந்த நினைவு மலருக்காகப் பெரியப்பா எழுதித் தந்த தாளில் "சமையலில் சிறந்தவர், சாந்தமானவர்" என்று இருந்தது. அச்சுக்குப் போகுமுன் கிழித்துவிட்டேன். அக்காவின் மீன்குழம்பைத் தின்று வளர்ந்தவன் நான். சாந்தத்தைப் பற்றி என் முதுகைக் கேளுங்கள்.

தருவைகுளத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு நின்று, தூத்துக்குடியில் படகு இன்ஜின் மெக்கானிக்கான அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தானின் பட்டறையில் இன்ஜின் சாமான் கழுவிக் கழுவியே வேலையைக் கற்றார். அதைப் பற்றிப் பெரியப்பா ஒரு வரி எழுதவில்லை.

மாதக்கணக்கில் கரையில் கிடந்த விசைப்படகு ஒன்றில், டீசலோடு தண்ணீர் கலந்து, இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்ப் துருவேறி இறுகிவிட்டது. படகுக்கார அண்ணாச்சி அதைத் தூக்கி வந்தார். அத்தான் சுத்தியலை எடுத்தார்.

"அடிக்காதீங்க! உள்ள கோடு விழுந்தா பம்பு செத்துரும்" என்று அக்கா சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார்.

மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். பிறகு மரக்குச்சியால் மெல்லத் தள்ளி, குழலுக்குள் ஏறியிறங்கி டீசலைத் தள்ளும் நான்கு பிளஞ்சர்களையும் வெளியே எடுத்தார். ஒவ்வொன்றையும் அதனதன் குழலோடு தனித்தனிக் காப்பித் தம்ளரில் டீசல் ஊற்றிப் போட்டார். ஜோடி மாறினால் பம்ப் வேலைக்கு ஆகாது.

"சீனி போட்டாச்சாக்கா?" என்றேன்.

"எலே, தொட்டுப் பாரு, கைய முறிச்சிருதேன்."

துணியால் துடைக்கவில்லை, நூல் ஒட்டுமாம். பிளஞ்சரைக் குழலிலிருந்து பாதி இழுத்துச் சாய்த்துப் பிடித்தால், தன் கனத்தில் தானே இறங்க வேண்டும். மூன்று இறங்கின. நான்காவது நடுவில் நின்றது. அதை மட்டும் பொழுது சாயும்வரை கழுவினார். இறங்கியது.

படகு கடலுக்குப் போய் வந்தது. அண்ணாச்சி அத்தானின் தோளைத் தட்டி, "ஒங்க கை யாருக்கும் வராதுய்யா" என்றார். அத்தான் சிரித்துக்கொண்டு நின்றார். காப்பி கொடுத்த அக்காவுக்குக் கிடைத்தது இதுதான்: "டீசல் வாடை அடிக்குதே தாயி, தம்ளரக் கழுவ மாட்டியளோ?"

அடக்கத்துக்கு வந்தவர்களும் என் காதுபடவே, "நல்ல மெக்கானிக்குக்கு வாக்கப்பட்டா, குடுத்து வச்சவ" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடுத்து வைத்தவர் அத்தான் ஐயா, அத்தான்!

மஞ்சள் காமாலையில் அக்கா கிடந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டாருக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி தந்தவர்களுக்கும், கடைசிவரை வந்து செபித்த பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தானின் மானம் போய்விடும், இதை அச்சடிக்காதே என்றார் பெரியப்பா. அத்தானிடமே வாசித்துக் காட்டினேன். தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எல்லாம் சரிதான் மாப்ள. இந்த ஒரு வருசமா பம்பு கொண்டு வாரவங்கள நான் திருப்பி அனுப்பிட்டுதான் இருக்கேன். அதையும் எழுது."