ஜீவானந்தம் அத்தான் கை ஓங்காத நாலு மாதம்

என் அக்கா ஏஞ்சலின் வலது மணிக்கட்டை அவள் கணவர் ஜீவானந்தம் முறித்தது, 2008 ஜனவரியில், கடைசி ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்புகிற நேரத்தில். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதுதான் காரணம். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. நான் பக்கத்து அறையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தபோது அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் அவளுக்கு எதிரே முழங்காலிட்டு, "வலிக்குதா? ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது பல்லாவரத்தில், கன்டோன்மென்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். அவர் அப்பா அப்பாதுரை சுமை தூக்குகிறவர். குடித்தால் பெல்ட்டால் அடிப்பார், குடிக்காவிட்டால் கையால். பதினாலு வயதில் அத்தான் அந்த பெல்ட்டைப் பிடுங்கி அப்பாவைத் திருப்பி அடித்தார். கொக்கி பட்டு அப்பாவின் இடது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று அத்தானே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

பதினாறு வயதில் தோல் பதனிடும் கம்பெனியில் சேர்ந்தார். தோலின் கனத்தைச் சீவிக் குறைக்கிற இயந்திரத்தில் வேலை. உருளை முழுக்கக் கத்தி சுற்றியிருக்கும். ஒரு நாள் அது அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்துக்கொண்டது. தோல் குப்பைக்குள் கை விட்டு இரண்டையும் அவரே தேடி எடுத்தார். மெஷினை நிறுத்தியதற்குத் திட்டிய மேஸ்திரியை மிச்சமிருந்த விரல்களால் அறைந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்குப் பிறகு பஸ் கண்டக்டர் ஒருவரின் பல், டீக்கடைக்காரரின் மூக்கு, வாடகை கேட்டு வந்தவரின் காது என்று வரிசையாக நடந்தது. வீட்டில் அக்கா.

வேலை விட்டு வந்ததும் எலுமிச்சம்பழத்தை அரக்கித் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் மகளைத் தூக்குவார். தோல் நாற்றம் குழந்தைக்கு ஒட்டிவிடும் என்று பயம். இதையும் எழுதாவிட்டால் அவரைப் பற்றிச் சரியாகச் சொன்னதாகாது.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அக்கா குழந்தையைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு, எங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து போனில் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "மே மாசம் முடியிற வரைக்கும் யாரு மேலயும் கை வைக்கப்படாது. என் மேல மட்டும் இல்ல, எவன் மேலயும். வச்சா நான் வரமாட்டேன். சும்மா மிரட்டுறேன்னு நினைக்காதீங்க."

அப்புறம் என்னிடம் பேசினாள். "நீ அங்கதான இருக்க. கண்ணால பாத்துச் சொல்லு. கூட்டிச் சொல்லாத, குறைச்சும் சொல்லாத."

நான் காட்டாங்குளத்தூரில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா போனதும் கேம்ப் ரோட்டில் ஒரு பெண்கள் விடுதிக்கு மாறிவிட்டேன். வாரம் இரண்டு தடவை அத்தானைப் பார்க்கப் போவேன். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். "இன்னா சி.ஐ.டி., எழுதிக்கினியா? ரத்தம் இல்ல, பாத்துக்கோ."

அந்த நாலு மாதமும் அவர் தன் கைகளோடுதான் சண்டை போட்டார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒருவன் வேண்டுமென்றே அவர் காலை மிதித்து, அம்மாவைச் சொல்லித் திட்டினான். அத்தான் கைகளை பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு அப்படியே நின்றார். அன்று ராத்திரி சட்டைக் கையைச் சுருட்டினபோது அவருடைய முன்னங்கையில் பல் பதிந்த தடங்களைப் பார்த்தேன். அவருடைய பற்களே. சில இடங்களில் தோல் கிழிந்திருந்தது.

"இது கணக்குல வருமா?" என்று கேட்டார்.

"அக்கா சொல்லலை அத்தான்."

"அப்ப வராது."

மே மாதம் நடுவில் அக்கா, இருபத்தொன்பதாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் போடச் சொன்னாள். அவளுக்கும் குழந்தைக்கும். அத்தான் மூன்று நாள் அழுத்தமாகச் சவரம் செய்துகொண்டு திரிந்தார். அவரிடம் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. கம்பெனி வாசலில் டை கட்டிய பையன்கள் எல்லார் கையிலும் திணித்துவிட்டுப் போன கார்டு. பாட்சா பாய் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒரு தனியார் டிக்கெட் வலைத்தளத்தில் அத்தான் பெயரில் கணக்குத் தொடங்கினோம். விவரங்களைப் பாட்சா பாயே அத்தானின் லைசென்ஸைப் பார்த்து அடித்துக் கொடுத்தார்.

பணம் கட்டுகிற பக்கத்தில் நான் ஒரு தடவை அழுத்தியதும் திரை அசையாமல் நின்றது. கம்பெனியில் தோல் சிக்கினால் மிதியை மறுபடி மறுபடி மிதிப்பார்கள். இருபது வருடப் பழக்கம். அத்தான் என் கையிலிருந்த மவுஸை வாங்கி இரண்டு தடவை அழுத்திவிட்டார். டிக்கெட் ஒன்றுதான் வந்தது. நானூற்று ஐம்பத்திரண்டு ரூபாயை மூன்று தடவை எடுத்திருந்தார்கள். கூடுதலாகப் போன தொள்ளாயிரத்து நாலு, மகளின் புத்தகத்துக்கும் யூனிபார்முக்கும் என்று அவர் ஒதுக்கியது.

அத்தானின் செல்போனிலிருந்து வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு நான்தான் பேசினேன். நாற்பது நிமிடம் இசை. நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல். கடைசியில் வந்தவள் இங்கிலீஷில், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றாள். போனை அத்தானிடம் கொடுத்தேன். பிறந்த தேதி கேட்டாள்.

"ஜனவரி பதினஞ்சு," என்றார் அத்தான்.

தவறு என்றாள். மறுபடி அதையே சொன்னார். மறுபடி தவறு. "எங்கம்மா பெத்த தேதிம்மா, மாட்டுப் பொங்கல் அன்னிக்கு. உனக்கு இன்னா தெரியும்?" என்று மூன்றாவது தடவை கத்தினார். மூன்று முறை தவறாகச் சொன்னதால் பாதுகாப்புக்காகக் கணக்கு முடக்கப்பட்டது, அடையாளச் சான்றுடன் அலுவலகத்துக்கு நேரில் வரவும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் லைசென்ஸைப் பார்த்தேன். ஜூன் ஒன்று என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி.

"எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அன்னிக்குத்தான் பொறந்தோம்," என்றார் அத்தான். சிரிக்க முயன்றார். பிறகு செல்போனைத் தரையில் ஓங்கி அடித்தார். சில்லு சில்லாகப் போனது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொருளு. ஆளு இல்ல," என்றார்.

அந்த டிக்கெட் வலைத்தளத்தின் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இருபத்தேழாம் தேதி காலையில் இருவரும் போனோம். படியேறும்போதே அவர் கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். உள்ளே காதில் ஹெட்போன் மாட்டிய இரண்டு பெண்கள், வாசலில் ஒரு காவலாளி, மேஜைக்குப் பின்னால் சத்தியநாதன் என்கிற மேனேஜர். அத்தான் பள்ளிச் சான்றிதழை நீட்டினார்.

"போன்ல ஜனவரின்னு சொல்லியிருக்கீங்க. இதுல ஜூன். எது போர்ஜரி?"

"ரெண்டும் நான்தான் சார்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு பொறந்த நாளா?"

"எங்க பக்கம் அப்டித்தான் சார். எஸ்.ஐ.க்குக்கூட அப்டித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க."

ஹெட்போன் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். சத்தியநாதனுக்கு அது பிடிக்கவில்லை. "மூணு தடவை அழுத்தினது யாரு? நீங்கதானே?"

"மூணு தபா அழுத்தினா மூணு டிக்கெட்டு வரணும்ல சார்? ஒண்ணுதான் வந்துகீது."

"படிக்காதவனெல்லாம் எதுக்கு இன்டர்நெட்டுக்கு வரீங்க? ஸ்டேஷன்ல போய் வரிசையில நில்லுங்க. கிளம்பு."

அத்தான் கிளம்பவில்லை. கைகள் பாக்கெட்டிலேயே இருந்தன. காவலாளி பின்னாலிருந்து அவர் பிடரியில் கை வைத்துத் தள்ளினான். கைகளை ஊன்ற முடியாததால் முகம் நேராக மேஜை விளிம்பில் போய் மோதியது. உதடு பிளந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. எழுந்தார். கைகளை வெளியே எடுக்கவில்லை. காவலாளி இன்னொரு தடவை வயிற்றில் குத்தினான். அத்தான் குனிந்து, மூச்சு வாங்கி, மறுபடி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். "சி.ஐ.டி., பாக்கறல்ல?" என்றார். பல்லெல்லாம் ரத்தம்.

நான் மேஜைக்கு முன்னால் போய், பணம் மூன்று முறை எடுக்கப்பட்டதற்கான காகிதத்தை வைத்து, இங்கிலீஷில் பேச ஆரம்பித்தேன். போலீஸுக்குப் போவேன் என்றேன். சத்தியநாதன் காகிதத்தைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தான். "நீ யாருடி? இவன் செட்டப்பா?" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினான். என் தலை இரும்பு பீரோவில் மோதியது.

அத்தானின் கைகள் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தியநாதனின் வாயில் விழுந்த அடியின் சத்தத்தைத்தான் கேட்டேன். அவன் நாற்காலியோடு சாய்ந்தான். காவலாளி படியிறங்கி ஓடினான். ஹெட்போன் பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

அத்தோடு நின்றிருக்கலாம். அத்தான் அவனுடைய டையை இடது கையில் சுற்றிப் பிடித்துத் தூக்கினார். விரல் குறைந்த கை. அந்தப் பிடி தளரவே இல்லை. வலது கையால் அடித்தார். மூக்கு. தாடை. மறுபடி தாடை. அவன் கைகளைத் தூக்கி முகத்தை மறைத்தான். கைகளுக்கு மேலேயே அடித்தார். "விட்டுடுங்க சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதான். சொல் குழறியது. ஒரு பல் மேஜை மேல் கிடந்தது. நான் அத்தானுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போதும், போதும்," என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரியாத கண்கள். அக்கா எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம் இதுதான் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்தது. சட்டையை விட்டுவிட்டேன். நானும் சுவருக்குப் போய்விட்டேன்.

எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். முதலில் கை வைத்தது காவலாளி, பெண்ணைத் தள்ளியது மேனேஜர் என்று நான் எழுதிக் கொடுத்த புகாரால் மறுநாள் சமாதானம் பேசினார்கள். அத்தான் தன் மொபெட்டை விற்று ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். தொள்ளாயிரத்து நாலு ரூபாய், ஒரு வருத்தக் கடிதம்கூட இல்லாமல், ஜூன் மாதக் கடைசியில் கார்டுக்குத் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னது இதுதான். "உனக்காகத்தான அடிச்சேன்? அப்டியே சொல்லு அக்காகிட்ட."

அன்று சாயங்காலம் விடுதிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன் உன்னத் தள்ளினான்லா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா. தலையில வீங்கியிருக்கு."

"அப்பம் முதல் அடிய விடு. அது சரிதான். நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். அதுக்கப்புறம் எத்தன?"

"ஏழு."

"அவன் கையெடுத்துக் கும்பிட்ட பொறவுமா?"

வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். குழந்தை பின்னால் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. "ஆமா," என்றேன்.

அக்கா அழவில்லை. "கட்டி வச்ச பெட்டிய அவுக்கணும்," என்றாள். "நீயே அவருகிட்ட சொல்லிரு. டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு." கணக்கு முடங்கிக் கிடந்ததால் கேன்சலும் பண்ண முடியவில்லை.

அன்று ராத்திரியும் மறுநாள் முழுக்கவும் அவரைத் தேடினேன். வீடு பூட்டியிருந்தது, செல்போனும் இல்லை. முப்பதாம் தேதி விடிகிற நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் சரியாக நின்றிருந்தார். வெளுத்த சட்டை. உதட்டில் தையல். கையில் மகளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கெட்.

வண்டி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அக்கா வரலை அத்தான். நான்தான் உள்ளதைச் சொன்னேன்."

அவர் வலது கை மெல்ல மூடிக்கொண்டது. நான் பின்னால் நகர்ந்தேன். அவர் என் கால்களைப் பார்த்தார், நகர்ந்த தூரத்தைப் பார்த்தார். பிஸ்கெட் பாக்கெட் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

வண்டி வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோன்னு சொன்னே?"

"முதல் அடி சேர்க்காம ஏழு."

"எட்டு," என்றார் அத்தான். "கீழ வுழுந்தப்புறம் காலால ஒண்ணு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கினே. அதையும் சொல்லிடு."