வேலை அட்டையில் சந்தனம்

தொண்ணூறுகளின் இறுதியில் அக்கா குருபோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே பஞ்ச் கார்டை எடுத்துவிட்டு எல்லோருக்கும் சிப் வைத்த பிளாஸ்டிக் கார்டு கொடுத்திருந்தார்கள். வாசல் இயந்திரத்தில் செருகினால் பச்சை விளக்கு எரியும், தடுப்புக் கம்பி திறக்கும், வந்த நேரம் பதிவாகும். அக்கா வேலைக்குப் புதியவள். சோதனைக் காலம் முடியும்வரை ஒரு தாமதம்கூட இருக்கக் கூடாது, இருந்தால் வேலை நிரந்தரமாகாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்தக் காலம் முடியும் நாள் ஆயுத பூஜைக்கு மறுநாளாக அமைந்தது.

பிழைப்புக்கு உதவும் எதுவும் எங்கள் வீட்டில் பூஜைக்குப் போகும். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த பிறகு, பால்வெட்டும் கத்தி இருந்த இடத்தில் அப்பாவின் லோரிச் சாவி உட்கார்ந்தது. அந்த வருடம் அக்காவின் கார்டும் சேர்ந்தது. பொட்டு வைக்க அம்மா தேர்ந்தெடுத்த இடம், பொன்னிறமாக மின்னிய சிப். மற்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக்காகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

காலையில் அக்கா குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பினாள். பொன்னிறத்தின் மேல் காய்ந்திருந்த சந்தனம் கண்ணில் படவில்லை.

நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். கார்டைச் செருகினாள், சிவப்பு. மறுபடி செருகினாள், சிவப்பு. வாசல் காவலர் நடுத்தர வயதுத் தமிழர். கார்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னம்மா இது, கார்டுக்குக் கல்யாணமா?"

"சிரிக்காதீங்கண்ணே. இன்னிக்கு லேட் ஆனா என் வேல போச்சு."

"இன்னொரு தடவ சிவப்பு வந்தா கார்டு லாக் ஆயிரும். அப்புறம் ஆபீஸ் திறக்கிற வரைக்கும் இங்கதான் நிக்கணும்."

பின்னால் வரிசை நீண்டது. ஒரு மலாய்ப் பெண், "செப்பாட் லா, காக்," என்று அவசரப்படுத்தினாள்.

அக்கா கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகி நின்று அவளை முன்னே விட்டாள். துப்பட்டா முனையைத் தண்ணீர் போத்தலில் நனைத்து, நகத்தின் மேல் சுற்றி, சிப்பில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். துணியில் மஞ்சளாக ஏறியது. காய்ந்த முனையால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். ஊதிவிட்டு மறுபடி செருகினாள். காவலர் இப்போது சிரிக்கவில்லை. அவரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை.

கம்பியைத் தாண்டியதும் அக்கா ஒரு கணம் நின்று மூச்சு விட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"நேரத்துக்குள்ள பூந்துட்டா லா. நீ போ தம்பி," என்றார் காவலர். அதுவரை மோட்டாரை அணைக்காமலே நின்றிருந்தேன்.

மாலையில் அக்கா வேலை நிரந்தரமான செய்தியை முதலில் சொன்னாள். வாசலில் நடந்ததைச் சாப்பிடும்போது சொன்னாள். அம்மா சோறு போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கார்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த வருசமும் அங்கதானே இருப்ப?"

"ஆமாம்மா."

"அப்ப பின்பக்கமா வைக்கிறேன்."